அந்நியனும் அயலவனும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



விடுமுறையில் வீடு வந்திருந்த என்னைக் கண்டு, "பிறநாட்டிலே கற்கிற பிள்ளை, நாலு வார்த்தை பேசட்டும்" என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். இம்மேடையில் என்னிலும் பன்மடங்கு கற்றோர் பேசியிருக்கிறார்கள். பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத ஒருவன் உங்களுக்கு அறிவுரை கூற முற்படுதல் பொருந்தாது. ஆதலால் அறிவுரையை விடுத்து, என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். அந்நிய தேசத்திலே தனித்துப்போன ஒருவன் அங்கே எவ்வாறு காலூன்றினான் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. அவன் காலூன்றிய இடம் விரிவுரை மண்டபமன்று. மலைச்சாரலிலே, மழையிலே, சேற்றிலே அவன் காலூன்றினான்.

2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நான் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகருக்குச் சென்றேன். எமது ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, நாமெல்லாம் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. ஐயா காணியை ஈடு வைத்தார். அம்மா காப்பைக் கழற்றினார். மாமா ஒருவர் மிகுதியைப் பொறுப்பேற்றார். நான்கு ஆண்டுப் பொறியியற் படிப்பு. இத்தனை பேருடைய நம்பிக்கையையும் சுமந்து சென்ற நான், போன நான்காம் மாதத்திலேயே திரும்பிவிட எண்ணினேன் என்றால் நம்புவீர்களா?

அங்கே எனக்கு எவரும் தீங்கு செய்யவில்லை. உண்ண உணவிருந்தது; உறங்க அறையிருந்தது. ஆனால் டிசெம்பர் மாதத்தில் அங்கே பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். விரிவுரை முடிந்து வெளியே வந்தால் இருள். ஒரே சமையலறையைப் பாவித்த ஐவருடைய பெயர்களும் எனக்குத் தெரியாது. என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஒரு முறை கடையிலே காசாளருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தபோது குரல் கம்மிற்று. அப்பொழுதுதான், மூன்று நாட்களாக நான் எவருடனும் ஒரு சொற்கூடப் பேசவில்லை என்பதை உணர்ந்தேன்.

இரவிலே அம்மா தொலைபேசியில் அழைப்பார்.

"சாப்பிட்டியோ தம்பி?"

"ஓமம்மா, சாப்பிட்டன்."

"சிநேகிதப் பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?"

"கனபேர் இருக்கினம் அம்மா."

இரண்டும் பொய். பாணைத் தின்றுவிட்டுக் கட்டிலிற் கிடந்துகொண்டு சொன்ன பொய்கள். வரவர விரிவுரைகளுக்கும் போகாமல் விட்டேன். ஜனவரிப் பரீட்சையில் ஒரு பாடத்திலே தவறினேன். படிப்பில் அதுவரை தவறியறியாதவன் நான். ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'என்னால் இயலவில்லை, வருகிறேன்' என்ற அக்கடிதம் அனுப்பப்படாமல் என் மேசை லாச்சியிலே கிடந்தது.

அந்நாட்களில் ஒருநாள் மாணவர் சங்கக் கட்டடத்தில் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். நகரின் மேற்கெல்லையிலுள்ள மேய்ச்சல் நிலத்திற் சரிந்து கிடக்கும் கல்மதிலைத் திருத்தச் சனிக்கிழமைகளில் தொண்டர்கள் தேவை என்றும், பஸ் ஏற்பாடு உண்டு என்றும், மதிய உணவு வழங்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. தொண்டு செய்யும் ஆர்வத்தினால் நான் போனேன் என்று இங்கே சொன்னால் கைதட்டுவீர்கள். உண்மை அதுவன்று. மதிய உணவு என்ற சொல்லே என்னை அழைத்துச் சென்றது.

மிசன் பாடசாலையொன்றிலே படித்தவன் நான். அங்கே சமூக சேவைச் சங்கம் இருந்தது. நானும் அதில் அங்கத்தவன். ஆண்டு முடிவில் தரப்படும் சான்றிதழுக்காகவே பெரும்பாலும் அங்கத்தவனாக இருந்தேன். அதே பழக்கத்தில், முதல் நாளே மதில் வேலைக்குத் தலைமை தாங்கிய பெரியவரிடம், "இதற்குச் சான்றிதழ் தருவீர்களா?" என்று கேட்டேன். எழுபது வயது மதிக்கத்தக்க அவர் உருக்காலையிலே வேலைசெய்து ஓய்வு பெற்றவர். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "மதில் நின்றால் அதுதான் சான்றிதழ்" என்றார்.

அந்த மதில்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஷெபீல்டுக்கு மேற்கே பீக் டிஸ்ட்ரிக்ற் என்னும் மலைநாடு தொடங்குகிறது. அங்கே புல்வெளிகளைப் பிரித்து மைற்கணக்கில் கல்மதில்கள் ஓடுகின்றன. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின்மேற் கல்லை அடுக்கியே கட்டுகிறார்கள். அடி அகன்றும் மேலே போகப்போக ஒடுங்கியும் இருக்கும். இருபுறமும் முகக்கற்களை வைத்து, நடுவிலே சிறுகற்களை இட்டு இறுக்குவார்கள். இரு முகங்களையும் கோத்துப் பிடிக்க இடையிடையே குறுக்காக நீளக்கல் வைப்பார்கள். உச்சியிலே மூடுகல் வரிசை. வெளியே தெரிவது முகக்கல். மதிலைத் தாங்குவதோ உள்ளே கிடக்கும் சிறுகல். அந்தச் சிறுகற்களை வாரிக் கொட்டாமல் ஒவ்வொன்றாகப் பொருத்தி வைக்கவேண்டும் என்பதே எனக்குக் கிடைத்த முதற் பாடம். விரல்கள் விறைத்தன, நகம் ஒன்று பிளந்தது. அன்றிரவு நான் பல வாரங்களுக்குப் பின் நன்றாக உறங்கினேன்.

இரண்டாவது சனிக்கிழமை தேத்தண்ணீர் வேளையிலே அந்தப் பெரியவரிடம், "எங்கள் நாட்டிலும் இப்படியான மதில்கள் உண்டு" என்றேன். என் அம்மம்மாவின் ஊர் நெடுந்தீவு. அங்கே முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டிய வேலிகளை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். என் தொலைபேசியிலிருந்த படமொன்றைக் காட்டினேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கல் எங்கிருந்து எடுப்பார்கள், எவ்வளவு உயரம், கடற்காற்றுக்கு எப்படி நிற்கிறது என்றெல்லாம் வினவினார். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்நாட்டுக்குச் சென்ற பின் என் ஊரைப்பற்றி ஒருவர் என்னிடம் அறிய விரும்பிக் கேட்டது அதுவே முதன்முறை. அதுவரை எல்லோரும் எனக்குச் சொல்லித் தருபவர்களாகவே இருந்தார்கள். அன்று நானும் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன்.

நான்காவது சனிக்கிழமை நான் போகவில்லை. மழை பெய்தது, பழைய சோர்வும் வந்து கவிந்தது. நான் போகாவிட்டால் யாருக்கு என்ன என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். பகல் பதினொரு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. பெரியவர்தான்.

"உன்னைக் காணவில்லையே, சுகமில்லையா? போன கிழமை நீ பிரித்து வைத்த கற்கள் அப்படியே கிடக்கின்றன. எது எந்த வரிசைக்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை" என்றார்.

சபையோரே, அந்தச் சாதாரண வார்த்தைகளைக் கேட்டு நான் கட்டிலில் இருந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த நாட்டிலே நான் இல்லாத குறையை ஒருவர் உணர்ந்திருக்கிறார்! நான் அங்கே அந்நியனாக இருந்தது, ஊரார் என்னை அறியாதிருந்ததனால் மட்டுமன்று. நான் வந்தாலும் வராவிட்டாலும் எதுவும் குறையாது என்ற நிலையே என்னை அந்நியனாக வைத்திருந்தது. 'வராமல் விட்டானே' என்று ஒருவர் கேட்கும் நாளில் ஒருவன் அயலவனாகிறான். இன்று நான் உங்கள்முன் வைக்க வந்த கருத்து இதுவே. மற்றவையெல்லாம் இதன் விளக்கம்.

லாச்சியிற் கிடந்த கடிதத்தைக் கிழித்தேன். தவறிய பாடத்தை மறுபடி எழுதிச் சித்தியெய்தினேன்.

நிற்க. மதில் வேலையோடு மலைநடையும் வந்து சேர்ந்தது. ஷெபீல்டிலிருந்து ரெயிலேறினால், மூன்று மைலுக்கு மேற்பட்ட நீளமுடைய ஒரு சுரங்கத்தைக் கடந்து, அரைமணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஓடி ஈடேல் என்னும் சிற்றூரை அடையலாம். அதற்கு மேலே நிற்பது கின்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம். உயரம் 636 மீற்றர். எமது பீதுருதாலகாலையின் நான்கிலொரு பங்குதான். ஆயினும் அதன் வரலாறு பெரியது.

இன்று எவரும் தடையின்றி நடக்கும் அம்மேட்டில் ஒரு காலத்தில் சாதாரண மக்கள் கால்வைக்க முடியாது. பறவை வேட்டைக்காகப் பிரபுக்கள் அதை வேலியிட்டுக் காவல் வைத்திருந்தனர். ஆறு நாள் ஆலைப்புகையில் வெந்த தொழிலாளர்கள் ஏழாம் நாள் நல்ல காற்றை நாடி மலைக்குப் போனால் காவலர் துரத்துவர். ஜி. எச். பி. வார்ட் என்பவர் 1900 ஆம் ஆண்டில் ஷெபீல்டிலே தொழிலாளர்க்கென ஒரு நடைச்சங்கத்தைத் தொடங்கினார். 1932 ஆம் ஆண்டு ஏப்பிரில் 24 ஆம் திகதி ஏறக்குறைய நானூறு பேர் தடையை மீறிக் கின்டர் மேட்டில் ஏறினர். அவர்களை நடத்திச் சென்றவர்களில் முதல்வர் பெனி றொத்மன், வயது இருபது. ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை அவர். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றனர். றொத்மனுக்கு நான்கு மாதம்.

இன்னொருவர் எதெல் ஹேதோர்ன்வெயிற் அம்மையார். முதலாம் உலகப் போரில், 1917 இல், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். துயரத்தில் ஆழ்ந்திருந்த அவருக்கு ஷெபீல்டைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில் நடப்பதே ஆறுதலாயிற்று. தமக்கு ஆறுதல் தந்த நிலத்தைக் காக்க 1924 ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார். விற்பனைக்கு வந்த லோங்ஷோ என்னும் பெருநிலத்தை மக்களிடம் பணந்திரட்டி வாங்க முன்னின்றார். 1931 இல் அது நாஷனல் ட்ரஸ்ற் என்னும் பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகையோரின் உழைப்பினால் 1949 இல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1951 இல் பீக் டிஸ்ட்ரிக்ற் அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. ஈடேலிற் புறப்பட்டு ஸ்கொத்லாந்து எல்லையைக் கடந்து செல்லும் 268 மைல் நீளமான பென்னைன் நடைவழி, 1965 ஆம் ஆண்டு அதே ஏப்பிரில் 24 ஆம் திகதி திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டிற் பிறந்த இன்னொரு சட்டம், இத்தகைய மேட்டுநிலங்களிற் பாதைவிட்டு விலகி நடக்கும் உரிமையையும் தந்தது.

இவற்றை நான் ஏன் விரித்துரைக்கிறேன்? அந்த மலையில் முதன்முறை நடந்தபோது, 'இது பிறருடைய நாடு. நான் விருந்தாளி' என்று ஒதுங்கியே நடந்தேன். இந்த வரலாற்றை அறிந்தபின் அக்கூச்சம் விலகிற்று. குடியேறிய வீட்டுப் பிள்ளையொருவன் சிறை சென்று பெற்ற வழியிலே, குடியேற வந்த இன்னொரு பிள்ளை நடப்பதற்குக் கூச்சம் ஏன்?

கூச்சம் போன வேகத்தில் அறிவும் சிறிது போயிற்று. ஒரு நாள் எவருக்கும் சொல்லாமல், துணிச் சப்பாத்தும் பருத்திக் காற்சட்டையுமாகத் தனியே கின்டர் மேட்டில் ஏறினேன். மேலே போனதும் மூடுபனி இறங்கிற்று. பத்தடி தூரத்தில் எதுவும் தெரியவில்லை. பருத்தி நனைந்தால் உடற்சூட்டைக் களவாடும் என்பதை அன்று என் உடம்பே எனக்குச் சொல்லிற்று. நெடுநேரம் ஒரு பாறையோடு ஒடுங்கியிருந்தேன். அவ்வழியே வந்த நடைக்காரர் இருவர் என்னைக் கண்டு, சூடான தேத்தண்ணீரும் மேலங்கியும் தந்து கீழே கொண்டுவந்து சேர்த்தனர். பிழை முழுவதும் என்னுடையது. அடுத்த சனிக்கிழமை பெரியவர் என்னை ஏசினார். பின்னர் நிலப்படமும் திசையறி கருவியும் பாவிக்கக் கற்பித்தார். மணிக்கு மூன்று மைல், ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்று நடையைக் கணக்கிட வேண்டும். இது நேஸ்மித் என்பவர் 1892 இல் வகுத்த விதி. இடர்ப்பட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு தடவை ஊதலை ஊதி, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடியும் ஊத வேண்டும். மலையில் அகப்பட்டோரை மீட்கும் குழுக்களும் அங்கே ஊதியம் பெறாத தொண்டர்களே என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். நள்ளிரவிலும் படுக்கையை விட்டு எழுந்து போகிறார்கள்.

மேட்டின் மேலே வேறொரு பணியும் நடைபெறுகிறது. பழைய ஆலைகளின் புகையினால் அங்கிருந்த ஸ்பாக்னம் என்னும் பாசியினம் பெரும்பாலும் அழிந்து, கரிய மண் வெளிப்பட்டு மழையில் அரிந்து போயிற்று. தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு நீரைப் பிடித்து வைக்கவல்லது அப்பாசி. அது இல்லையேல் மழைநீர் தங்காமல் ஓடிப் பள்ளத்து ஊர்களை வெள்ளத்தில் ஆழ்த்தும். இன்று அதனைச் சிறு சிறு கொத்துக்களாகத் திரும்ப நடுகிறார்கள். நானும் ஒரு நாள் முழங்காலளவு சேற்றில் நின்று நட்டேன். வயலில் நாற்று நடும் நினைவு வந்தது.

மலைக்குப் போக வசதியில்லாதவர்க்கு நகரப் பூங்கா இருக்கிறது. சனி காலை ஒன்பது மணிக்கு ஐந்து கிலோமீற்றர் ஓட்டமோ நடையோ நடைபெறும். பார்க்றன் என்பது பெயர். 2004 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2 ஆம் திகதி, இலண்டனிலுள்ள புஷி பூங்காவிலே பதின்மூன்று பேருடன் தொடங்கியது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. கட்டணம் இல்லை, நடத்துவோர் தொண்டர்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த பதவி ஒன்றுண்டு. கடைசியாய் வருபவருக்குப் பின்னால் ஒரு தொண்டர் நடப்பார். எவ்வளவு மெதுவாக வந்தாலும் தாம் கடைசி என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. கடைசி இடம் தொண்டருக்கு உரியது. மழைக்காலத்துச் சனிக்கிழமைகளில் நான் அப்பதவியை விரும்பிக் கேட்டுப் பெற்றிருக்கிறேன். மெதுவாக நடப்பவர்களே மனம் விட்டுப் பேசுவார்கள். அந்த ஊர்ப் பேச்சு எனக்கு விளங்கத் தொடங்கியதும் அவ்வாறுதான்.

இவ்வளவையும் கேட்டு, மண்வெட்டி தூக்கினால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஓடும் காரிலிருந்து என் நிறத்தைச் சொல்லி ஏசியவனும் அதே ஊரான்தான். இரவிலே களஞ்சியசாலையில் வேலைசெய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் தோழனுக்குச் சனிக்கிழமை என்பது உறங்கும் நாள். அவனை நோக்கி 'தொண்டு செய்' என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மாணவ விசாவிற் போகும் பட்டதாரி மாணவர் பாடக்காலத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியாலமே வேலைசெய்யலாம். ஒப்பந்தம் எழுதிச் செய்யும் ஊதியமற்ற பணியும் அக்கணக்கிற் சேரும். ஆகவே பல்கலைக்கழக அலுவலகத்தில் முன்னரே கேட்டறிந்து கொள்ளுங்கள். மனத்தளர்ச்சி நோயாகிவிட்டால் மருத்துவரிடமே போக வேண்டும், மலை மருந்தாகாது.

"எங்கள் ஆட்களோடு சேராமல் வெள்ளைக்காரரோடு ஏன் கல் அடுக்குகிறாய்?" என்று அங்குள்ள உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழர் கூடும் இடத்துக்கும் போகிறேன். அங்கே தமிழும் சோறும் கிடைக்கின்றன. ஆனால் அங்கே நான் எங்கள் ஊரை நினைத்துக் கொள்கிறேன். மதிலடியிலே, நான் வாழும் ஊரை அறிந்து கொள்கிறேன். இரண்டும் வேண்டும்.

பெரியோர்களே, இது ஒன்றும் புதிய தத்துவமன்று. அப்பர் சுவாமிகளின் கையிலே நாம் காண்பது உழவாரப் படை. ஊர் ஊராகச் சென்ற அவர் போன இடமெல்லாம் புல் செதுக்கினார். தாம் செதுக்கிய முற்றத்தில் ஒருவர் அந்நியராவது எப்படி? திருவிழாவுக்கு முன் நம் மன்றத்தார் செய்யும் உழவாரப் பணியிலும் சிரமதானத்திலும் நானும் சிறுவயதில் நின்றிருக்கிறேன். அதன் பொருளை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள சேற்றில் நின்றே விளங்கிக்கொண்டேன்.

பிறநாடு செல்ல ஆயத்தமாகும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். போன முதல் மாதத்திலேயே, வாரத்தில் ஒரு தடவையாவது உங்களை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கும் ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்குங்கள். அம்மா கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். தொலைபேசியில் "எவ்வளவு உழைக்கிறாய்?" என்று கேட்கும்போது, "உன்னைத் தேட அங்கே ஆர் இருக்கினம்?" என்றும் கேளுங்கள்.

இறுதியாக, நம் எல்லோருக்கும் ஒன்று. நம் ஊருக்கும் அந்நியர் வருகின்றனர். மலைநாட்டிலிருந்து வந்து இங்கே அறையெடுத்துத் தங்கும் ஆசிரியை இருக்கிறார். தென்னிலங்கையிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வந்த சிங்கள மாணவர் இருக்கிறார்கள். தமிழகத்து அகதி முகாமிலே பிறந்து, காணாத ஊருக்குத் திரும்பிய பிள்ளை இருக்கிறான். அவர்களை நாம் விருந்துக்கு அழைக்கிறோம், அது நல்லது. விருந்து முடிந்ததும் அவர்கள் மறுபடியும் அந்நியராகிவிடுகின்றனர். அடுத்த சிரமதானத்துக்கு அவர்களை அழையுங்கள். கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுங்கள். ஒரு கிழமை வராவிட்டால், "ஏன் காணேல்லை?" என்று தேடிப் போய்க் கேளுங்கள்.

அந்த மதில் இன்னும் நிற்கிறது. அதுவே என் சான்றிதழ்.